பூமலையில் சிற்பங்களும் மழைக்காடும்: டிசம்பரில் ஒரு காலை போதுமா?

புங்கோல்வாசி (கேள்வி)

வணக்கம். டிசம்பர் இரண்டாம் வாரம் திருச்சியிலிருந்து அண்ணன் குடும்பம் சிங்கப்பூருக்கு வருகிறது. ஆறு பேர் போகப்போகிறோம். அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி. சமதரையில் அரை மணி நேரம் நடப்பார்கள், படி என்றால் சிரமம். பிள்ளைகளுக்கு 9 வயதும் 12 வயதும்.

கூரையில்லாத இடத்தில் நல்ல சிற்பங்களையும், அதே பயணத்தில் நிஜமான காட்டையும் காட்ட வேண்டும். கடைத்தொகுதி வேண்டாம். பூமலை (சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டம்), ஹாவ் பார் வில்லா, ஃபோர்ட் கேனிங், சுங்கை பூலோ ஆகிய நான்கையும் குறித்து வைத்திருக்கிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது? எந்த வாயிலில் நுழைவது? முதலில் காடா, சிற்பமா? மழை வந்தால் என்ன செய்வது? அண்ணி நல்ல கேமரா கொண்டு வருகிறார், அதற்கும் யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

நாசிம்_வாயில்

நீங்கள் சொல்லும் நிலைக்குப் பூமலைதான். நான்கில் ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரே நாளில் இரண்டை இணைத்தால் பாதி நேரம் ரயிலிலும் டாக்சியிலும் போய்விடும், அம்மாவுக்கு முட்டி வீங்கும்.

பூமலை 1859-இல் தொடங்கியது, 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. காலை 5 மணிமுதல் நள்ளிரவு 12 வரை திறந்திருக்கும், நுழைவு இலவசம். தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம் உண்டு. சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஒரு விலை, வெளிநாட்டினருக்கு அதைவிடக் கூடுதல். 12 வயதுக்குக் கீழ் இலவசம். அம்மா உள்ளூர் மூத்தோர் என்றால் அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

தோட்டம் தெற்கிலிருந்து வடக்காகச் சுமார் 2.5 கிலோமீட்டர் நீளும். பலர் செய்யும் தவறு இதுதான்: ஏதோ ஒரு வாயிலில் இறங்கி, கடைசிவரை நடந்து, பிறகு இறங்கிய இடத்துக்கே திரும்பி வருவார்கள். 5 கிலோமீட்டர் ஆகிவிடும். ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறுங்கள். தென்முனையில் டாங்லின் வாயில். அதற்குத் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் தடத்தில் நேப்பியர் நிலையம். வடமுனையில் புக்கிட் தீமா வாயில். அதன் பக்கத்திலேயே பொட்டானிக் கார்டன்ஸ் நிலையம், வட்டப்பாதை ரயில் தடமும் டௌன்டவுன் தடமும் சந்திக்கும் இடம். புங்கோலுக்குத் திரும்ப அங்கிருந்து வட்டப்பாதையில் சிராங்கூன் போய் மாறிக்கொள்ளலாம்.

அம்மாவை இந்த முழு நடையில் இழுக்காதீர்கள். குழுவை இரண்டாகப் பிரியுங்கள். நடக்கக்கூடியவர்கள் காலை 7.15-க்கு நேப்பியரில் இறங்கட்டும். அம்மாவும் துணைக்கு ஒருவரும் 9.30 வாக்கில் டாக்சியில் நாசிம் வாயிலுக்கு வரட்டும். அது தோட்டத்தின் நடுப்பகுதி. வருகையாளர் நிலையம், கழிப்பறை, உட்கார இடம் எல்லாம் அங்கேயே உண்டு, ஆர்க்கிட் தோட்டமும் கிட்டத்தில். அங்கே இரு குழுவும் சேர்ந்துகொள்ளுங்கள்.

நடப்பவர்களுக்கு வழி: டாங்லின் வாயிலிலிருந்து அன்ன ஏரி. 1866-இல் வெட்டிய ஏரி அது, பறக்க எழும் அன்னங்களின் சிற்பம் தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது. பிறகு பேண்ட்ஸ்டாண்ட் (திறந்த இசை மண்டபம்) மேடு. அந்தப் பக்கத்துப் புல்வெளியில்தான் ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டில் இருக்கும் தெம்புசு மரம் நிற்கிறது. தோட்டத்துக்கும் மூத்த மரம். அதன் தாழ்ந்த கிளையைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு ஏறத் தோன்றும். வேலி போட்டிருப்பது கிளைக்காக மட்டுமல்ல. ஆள்கள் மிதிக்க மிதிக்க மண் இறுகும், வேருக்குக் காற்றும் நீரும் போகாது, மரம் மெல்லச் சாகும். நோட்டைக் கையில் பிடித்து மரத்தோடு சேர்த்துப் படம் எடுக்க வேலிக்கு வெளியே நின்றாலே போதும்.

வெண்கலச் சிற்பங்களில் மூன்றைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். ஊஞ்சலில் ஒரு பெண் (1984), சைக்கிளில் ஒரு பெண் (1987), தொங்கு தொட்டிலில் ஒரு பெண் (1989). மூன்றும் சிட்னி ஹார்ப்ளி என்ற பிரிட்டிஷ் சிற்பியின் கைவேலை. தோட்டத்துக்கு அவற்றை அன்பளிப்பாகத் தந்தவர் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல். மூன்றும் ஒரே இடத்தில் இல்லை, தனித்தனியாகச் சிதறி இருக்கின்றன. தேசியப் பூங்காக் கழகத்தின் வரைபடத்தைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு போனால் தேடி அலைய வேண்டாம். மூன்றிலும் உடலின் எடை எங்கே நிற்கிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஊஞ்சல் பெண்ணைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடந்தால்தான் அது புரியும். முன்னால் நின்று ஒரு படம் எடுத்துவிட்டுப் போவது அந்தச் சிற்பத்துக்குச் செய்யும் அநியாயம்.

பேண்ட்ஸ்டாண்டைத் தாண்டினால் மழைக்காடு. ஆறு ஹெக்டர்தான், ஆனால் நட்டு வளர்த்ததல்ல, தோட்டத்துக்கு முன்பிருந்தே நிற்கும் காடு. 20 முதல் 30 நிமிடத்தில் சுற்றிவிடலாம். ஏற்ற இறக்கம் உண்டு, அதனால் அம்மாவுக்கு வேண்டாம். கடைசியில் பனைப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கினால் சிம்ஃபனி ஏரி. அங்கே இசைமேதை ஷோப்பானின் சிற்பம், 2008-இல் வைத்தது. நாசிம் வாயிலிலிருந்து அது அருகில், அம்மாவும் பார்க்கலாம்.

இன்னொன்று, இது சிற்பம் அல்ல. 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைச் சாகடிக்காமல், பட்டையை மெல்லிசாகச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர் 1888 முதல் 1911 வரை இந்தத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ரிட்லி. மலாயாவில் பால்மரம் வெட்டிய நம் ஆள்களின் வாழ்க்கை முழுக்க அந்த வெட்டைச் சுற்றித்தான் ஓடியது. திருச்சியிலிருந்து வருகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் அனுப்பிவிடாதீர்கள்.

கிளிக்கூட்டம்

நாசிம்_வாயில் சொன்ன வழி சரி, வரிசையில் மட்டும் எனக்கு மாற்றுக்கருத்து. காட்டை முதலில் பாருங்கள். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது விடிந்து இரண்டு மணி நேரம்தான். டிசம்பரில் இங்கே சூரியன் 7 மணிக்குச் சற்று முன் எழும். 9.30-க்குக் காட்டுக்குள் போனால் பூச்சிச் சத்தம்தான் கேட்கும். இருவாச்சி, துடுப்புவால் கரிச்சான் எல்லாம் காலையிலேயே கிளம்பிவிடும். சிற்பம் பத்து மணிக்கும் அதே இடத்தில் நிற்கும்.

கொசு பற்றி யாரும் சொல்லவில்லை. ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு, காலையிலும் மாலையிலும் அதிகம். டீட் 20 முதல் 30 விழுக்காடு உள்ள மருந்து, அல்லது பிக்காரிடின் 20 விழுக்காடு வாங்குங்கள். வேப்பெண்ணெய், சிட்ரோனெல்லா போன்றவை வேர்வையில் சீக்கிரம் போய்விடும். முதலில் வெயில் களிம்பு, 15 நிமிடம் கழித்துக் கொசு மருந்து. வரிசை மாறினால் களிம்பு மருந்தை மூடிவிடும். பிள்ளைகளின் உள்ளங்கையில் தடவாதீர்கள், கண்ணைக் கசக்கிவிடுவார்கள். டீட் பட்ட கையோடு கேமராவைத் தொட்டால் ரப்பர் பிடியும் பிளாஸ்டிக்கும் பிசுபிசுத்துக் கரையும். அண்ணியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

உடும்பு தாராளமாக நடமாடும். ஒன்றும் செய்யாது. வழியை மறிக்காமல் நின்றால் அதுவே போய்விடும். எந்த விலங்குக்கும் உணவு போடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி சிக்கினால் 10,000 வரை. ஊரில் குரங்குக்குப் பழம் போட்டுப் பழகியவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

வெண்கலவொளி

காடு முதலா சிற்பம் முதலா என்பதை வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், கடிகாரத்தைப் பார்த்து அல்ல. காரணம் சொல்கிறேன்.

வெண்கலம் கருத்த உலோகம், மேலே மெழுகுப் பூச்சு. வெயில் உச்சியில் இருக்கும்போது நெற்றியும் தோளும் வெள்ளையாக எரியும், முகம் கறுத்துவிடும். நடுவில் இருக்கும் நுணுக்கம் எதுவும் படத்தில் வராது. அதனால் தெளிந்த வானமாக இருந்தால் சிற்பங்களை 9 மணிக்குள் முடியுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் துணி மடிப்பும் விரலும் எழுந்து வரும். மேகமூட்டமாக இருந்தால் (டிசம்பரில் பெரும்பாலும் அப்படித்தான்) சிற்பத்துக்கு எந்த நேரமும் நல்ல நேரம். அப்போது கிளிக்கூட்டம் சொன்னபடி காட்டை முதலில் பார்க்கலாம். ஆனால் 7.30-க்குக் காட்டுத் தரையில் வெளிச்சம் மிகக் குறைவு. பறவையைப் பார்க்கலாம், கேட்கலாம், படம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

கேமரா அமைப்பு: கருஞ்சிற்பம் சட்டகத்தை நிறைத்தால் கேமரா இருட்டென்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வெளிச்சத் திருத்தத்தை (எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்) மைனஸ் 0.7 வரை குறையுங்கள். பின்னால் வெள்ளை வானம் இருந்தால் நிலைமை தலைகீழ், பிளஸ் 1 வையுங்கள். அல்லது இரண்டு அடி நகர்ந்து, பின்னணியில் மரம் வரும்படி நில்லுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழிதான், சிற்பத்தின் வெளிக்கோடு பச்சையில் சுத்தமாகத் தெரியும். கைபேசியில் சிற்பத்தின் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். பிள்ளைகள் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள், ஊஞ்சல் பெண்ணுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

காட்டுக்குள் லென்ஸ் துளை எஃப் 4, ஷட்டர் 1/125 விநாடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600 முதல் 3200. மழை நின்றபின் இலைகள் பளபளக்கும். போலரைசர் (லென்ஸ் முன்னால் மாட்டும் வடிகட்டி) வளையத்தைத் திருப்பினால் அந்தப் பளபளப்பு போய் உண்மையான பச்சை வரும், ஆனால் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்).

லென்ஸில் பனி படிவதுதான் இங்கே பெரிய தொல்லை. குளிரூட்டிய அறையிலோ டாக்சியிலோ இருந்த கேமரா வெளியே வந்ததும் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் நீராகப் படியும். துடைத்தால் மீண்டும் படியும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே கேமராவை மூடிய பையில் வைத்து, வெளியே வந்தபின் 20 நிமிடம் பையைத் திறக்காமல் விடுங்கள். ஆர்க்கிட் தோட்டத்துக் குளிர்கூடத்திலிருந்து வெளியே வரும்போதும் இதே கதை. அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தொடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பிள்ளைகள் தொடுவார்கள். வேண்டாம். கையின் வேர்வையில் உப்பும் அமிலமும் இருக்கிறது. அது மெழுகைக் கரைத்து உலோகத்தின் மேற்பரப்பைத் தின்னும். ஒரே இடத்தைப் பலர் தொட்டால் அந்த இடம் மட்டும் மஞ்சளாகப் பளபளக்கும். பார்க்க அழகாகத் தோன்றும், உண்மையில் சிற்பி கொடுத்த நிறம் அங்கே போய்விட்டது. இங்கத்திய ஈரப்பதத்தில் மெழுகை அவ்வப்போது கழுவிப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. ஊஞ்சலிலோ சைக்கிளிலோ ஏறி உட்கார்ந்தால் பற்றவைத்த இணைப்புகளில் விரிசல் விடும், அதற்குள் மழைநீர் இறங்கும்.

பாசிர்_பாஞ்சாங்

மற்ற மூன்று இடங்களையும் கேட்டிருக்கிறீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஹாவ் பார் வில்லா 1937-இல் ஆவ் பூன் ஹாவ் தன் தம்பிக்காகக் கட்டியது. சிமெண்டில் செய்து வண்ணம் பூசிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலைகள், சீனப் புராணமும் நீதிக்கதையும். வெளிப்பகுதிக்குக் கட்டணம் இல்லை. ரயில் நிலையம் வாசலிலேயே இருக்கிறது. ஆனால் குன்றுச் சரிவு, நிழல் குறைவு, அம்மாவுக்குச் சிரமம். நரக தண்டனைகளைக் காட்டும் பகுதிக்குத் தனிக் கட்டணம், 9 வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம் என்பேன். அண்ணன் குடும்பம் தனியாகப் போக விரும்பினால், அங்கிருந்து வட்டப்பாதையில் இரண்டு நிறுத்தம் தள்ளி லாப்ரடோர் பார்க். நிலையத்துக்குப் பக்கத்தில் தொடங்கும் பெர்லாயர் ஓடைப் பலகைப்பாதை 960 மீட்டர், சதுப்புநிலக் காட்டுக்குள் ஏறக்குறைய சமதளமாகப் போகும். இரண்டுக்கும் நடுவே பாசிர் பாஞ்சாங் நிலையத்தருகே உணவங்காடி இருக்கிறது, மதியச் சாப்பாட்டை அங்கே முடிக்கலாம்.

ஃபோர்ட் கேனிங்கில் ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) சிற்பத் தோட்டம் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அன்றைய ஐந்து உறுப்பு நாடுகளும் ஆளுக்கொரு சிற்பம் தந்தன, புருணை சேர்ந்தபின் 1988-இல் ஆறாவது வந்தது. ஃபிலிப்பீன்சின் நெப்போலியன் அபுவேவா செய்த 'ஃபிரெடெஸ்விண்டா' எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அது குன்று, படிகள் அதிகம், காடு என்று சொல்ல முடியாது.

சுங்கை பூலோவில் சிற்பத்துக்காகப் போக வேண்டியதில்லை. டிசம்பர் வலசைப் பறவைக் காலம் என்பதால் தனியாக ஒரு நாள் போங்கள். கிராஞ்சி நிலையத்திலிருந்து 925 பேருந்து. கடல் ஏற்றம் உச்சத்துக்கு வரும் நேரத்தை ஒட்டிப் போக வேண்டும். வெளியே சேற்றுநிலம் மூழ்கினால்தான் உள்ளான் கூட்டங்கள் உள்குளங்களுக்கு வந்து இளைப்பாறும். வற்றத்தில் போனால் பறவைகள் வெளிச்சேற்றில் தூரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும், உள்ளே வெறும் குளத்தைத்தான் பார்ப்பீர்கள். உவர்நீர் முதலைகள் அங்கே இருக்கின்றன, பாதையை விட்டு இறங்கக் கூடாது.

மழைமேகம்

டிசம்பர் மழையை இரண்டு விதமாகப் பிரித்துப் பாருங்கள். முதலாவது, பிற்பகல் இடிமழை. காலை வெளுத்திருக்கும், ஒரு மணிக்குமேல் கொட்டும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் நிற்கும். அதற்காகத் திட்டத்தை மாற்ற வேண்டாம், 11.30-க்குள் முடித்தால் போதும். இரண்டாவது, வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும்போது வரும் அடைமழை. இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருக்கும். அப்படி முன்னறிவிப்பு இருந்தால் பயணத்தையே வேறொரு நாளுக்கு மாற்றுங்கள். மைஇஎன்வி செயலியில் மழை ராடார் படத்தைப் பார்த்தால், மேகம் எந்தப் பக்கமிருந்து நகர்கிறது என்று அரை மணி நேரம் முன்னதாகவே தெரியும்.

இடி கேட்டால் புல்வெளியை விட்டு உடனே வெளியேறுங்கள். தனி மரத்தடி ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் சுவரில்லாத சிறு மண்டபமும் பாதுகாப்பு இல்லை. பேண்ட்ஸ்டாண்டிலும் அன்ன ஏரிக் கூடாரத்திலும் ஒதுங்கி நிற்பவர்களை ஒவ்வொரு மழையிலும் பார்க்கலாம். சுவரும் கூரையும் உள்ள கட்டடம்தான் வேண்டும்: டாங்லின் பக்கம் தாவரவியல் மையம், நடுவில் வருகையாளர் நிலையம், வடக்கே ரயில் நிலையம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துக் கிளம்புங்கள்.

பலத்த காற்றுக்குப் பிறகும், இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்து மண் ஊறியிருக்கும்போதும் பெரிய மரங்களின் கீழே பாய் விரித்து உட்காராதீர்கள். 2017 பிப்ரவரியில் இதே தோட்டத்தில் முதிய தெம்புசு மரம் ஒன்று வேரோடு சாய்ந்து ஓர் உயிர் போனது.

பலகைப்பாதையில் மழைக்குப் பின் பாசி வழுக்கும். வழவழப்பான அடியுள்ள செருப்பு கூடாது, பள்ளம் பதித்த ரப்பர் அடி வேண்டும். குடையைவிட மெல்லிய மழை அங்கி நல்லது, கை இரண்டும் ஓய்வாக இருக்கும்.

புங்கோல்வாசி

எல்லாருக்கும் மிக்க நன்றி. பூமலை என்று முடிவாகிவிட்டது, சுங்கை பூலோவை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்கிறோம். இன்னும் மூன்று: காலை உணவை எங்கே வைத்துக்கொள்வது? தண்ணீர் எவ்வளவு? பிள்ளைகளுக்கென்று சிறுவர் தோட்டம் ஒன்று இருக்கிறதாமே, அதைச் சேர்க்கலாமா?

நாசிம்_வாயில்

காலையில் லேசாகச் சாப்பிட்டுக் கிளம்புங்கள். இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் போதும். முழுச் சாப்பாட்டைக் கடைசியில் ஆடம் ரோடு உணவங்காடியில் வைத்துக்கொள்ளுங்கள், பொட்டானிக் கார்டன்ஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. 12 மணிக்கு முன் போனால் மேசை கிடைக்கும். நாசி லெமாக்குக்கு நீண்ட வரிசை நிற்கும். சைவம் சாப்பிடுபவர்கள் இருந்தால் கையில் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போவது நல்லது. தோட்டத்துப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம், மிச்சத்தைத் தரையில் விடாமல் இருந்தால் சரி.

தண்ணீர் பெரியவர்களுக்கு முக்கால் லிட்டர், பிள்ளைகளுக்கு அரை லிட்டர், மூன்று மணி நேரத்துக்கு. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மிடறு.

ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் வடமுனையில், புக்கிட் தீமா பக்கம் இருக்கிறது. 14 வயது வரையுள்ளவர்களுக்கானது, பெரியவர்கள் பிள்ளையோடுதான் உள்ளே போக முடியும். திங்கட்கிழமை மூடியிருக்கும். உங்கள் 9 வயதுப் பிள்ளைக்கு நன்றாக இருக்கும், 12 வயதுக்குச் சலிக்கலாம். பள்ளி விடுமுறை என்பதால் கூட்டமும் இருக்கும். தண்ணீர் விளையாட்டு உண்டு, மாற்றுடை எடுத்துக்கொள்ளுங்கள்.

12 வயதுக்குக் கற்றல் காடு பொருத்தம். அன்ன ஏரிக்கு மேற்கே, தையர்சால் பக்கம். அங்கே 260 மீட்டர் நீளமுள்ள உயர்ந்த பலகைப்பாதை தரையிலிருந்து 8 மீட்டர் வரை எழும்பும், வானுயர வளரும் மர இனங்களுக்கு நடுவே நடக்கலாம். அதைச் சேர்த்தால் 45 நிமிடம் கூடும். அப்படியென்றால் சிறுவர் தோட்டத்தை விட்டுவிடுங்கள், இரண்டையும் ஒரே காலையில் அடைக்க முடியாது. அம்மாவின் டாக்சியையும் 10.15-க்குத் தள்ளிவையுங்கள். சீக்கிரம் வந்து நாசிம் வாயிலில் காத்திருக்கும்படி ஆகிவிடக் கூடாது.